பிள்ளைகளுக்குத் தற்காப்புக் கலை: கராத்தே, சிலம்பம், ஜூடோ – எதுல சேர்க்கலாம்?

வைகைக்கரை:
வணக்கம். மதுரையில இருந்து எழுதுறேன். பையன் நாலாவது படிக்கிறான், பொண்ணு ஆறாவது. ரெண்டு பேரையும் ஒரு தற்காப்பு வகுப்புல சேர்க்கணும்னு வீட்டுல முடிவு பண்ணியிருக்கோம். மெடலும் சர்டிபிகேட்டும் எங்களுக்கு முக்கியம் இல்ல. நிஜமா ஒருத்தர் மேல கை வைக்கும்போது என்ன செய்யணும்னு பிள்ளைக்குத் தெரியணும், அவ்வளவுதான்.

பையனுக்கு ஸ்கூல் வேன்லதான் பிரச்சனை. பெரிய கிளாஸ் பசங்க பின் சீட்டுல இருந்து பேக் வாரைப் பிடிச்சு இழுக்கிறாங்க. கழுத்தைக் கைக்குள்ள இடுக்கிப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்கிறாங்க. டிரைவர்கிட்ட சொன்னோம், கிளாஸ் மிஸ்கிட்டயும் சொன்னோம். கொஞ்ச நாள் அடங்கும், மறுபடி ஆரம்பிக்கும். இப்பல்லாம் காலையில வேன் ஹார்ன் கேட்டாலே வயிறு வலிக்குதுங்கிறான்.

பொண்ணு டியூஷன் முடிச்சு இருட்டினப்புறம் நடந்து வர்றா. இதுவரை ஒண்ணும் நடக்கல. ஆனா பேப்பரைத் திறந்தாலே பயமா இருக்கு.

எங்க தெருவுலயே ஒரு மொட்டை மாடியில கராத்தே நடக்குது. ஸ்கூல்ல டேக்வாண்டோ இருக்கு. கொஞ்சம் தள்ளி மைதானத்துல சிலம்பம். பஸ் ஏறிப் போனா ஜூடோ. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

கருப்பு_பெல்ட்:
பக்கத்துல இருக்கிறதுலயே சேருங்க சகோதரி. தூரமா இருந்தா மழை, பரீட்சை, விருந்தாளின்னு ஏதாவது ஒரு காரணத்துல வகுப்பு நின்னு போகும். பாதியில நின்னா எந்தக் கலையும் கைகொடுக்காது.

நான் கல்லூரிக் காலத்துல இருந்து கராத்தே பண்றவன். கிச்சின் ஃபுனாகோஷிங்கிற ஆசான் 1922-ல ஒகினாவா தீவுல இருந்து டோக்கியோவுக்கு இந்தக் கலையைக் கொண்டுபோனப்ப குத்து, உதையோட வீழ்த்துற முறைகளும் அதுல இருந்துச்சு. இன்னிக்கு நம்ம ஊர்ல பல வகுப்புல கட்டாவும் (தனியா செஞ்சு காட்டுற அசைவு வரிசை) கிரேடிங்கும் (பெல்ட் தேர்வு) தான் மிச்சம். அதனால சேர்க்கிறதுக்கு முன்னாடி போய் உட்கார்ந்து பாருங்க. பிள்ளைங்க வரிசையா நின்னு காத்துல குத்திக்கிட்டே இருக்காங்களா, இல்ல ஜோடி ஜோடியா நின்னு ஒருத்தர் குத்த ஒருத்தர் தடுக்கிறாங்களா? வாரத்துல ஒரு தடவையாவது குமிதே, அதாவது ஜோடிச் சண்டைப் பயிற்சி நடக்குதா? நடக்குதுன்னா தைரியமா சேர்க்கலாம்.

பாய்விரிப்பு:
ஜூடோ கோச் நான். என் கலைக்கு நான் பேசறது இயல்புதான், இருந்தாலும் காரணத்தோட சொல்றேன்.

அம்மா எழுதினதைத் திரும்பப் படிங்க. பேக்கைப் பிடிச்சு இழுக்கிறான், கழுத்தை இடுக்குறான், தள்ளி விடறான். சின்னப் பிள்ளைங்க சண்டைன்னா பெரும்பாலும் இதுதான். ரெண்டடி தள்ளி நின்னு குத்துவிடற சண்டை அந்த வயசுல அபூர்வம். சட்டையைப் பிடிக்கிறது, கட்டிப் புரள்றது, கீழ தள்ளி மேல ஏறி உட்கார்றது. அதனால பிடியில இருந்து தப்பிக்கவும், விழுந்தா அடிபடாம விழவும், கீழ இருந்து எழுந்திருக்கவும் சொல்லிக்கொடுக்கிற கலை முதல்ல வேணும். அது ஜூடோவா இருக்கலாம், மல்யுத்தமா இருக்கலாம், ஜியு ஜிட்சுவா இருக்கலாம்.

1882-ல ஜிகோரோ கானோ ஜூடோவை ஆரம்பிச்சப்ப பழைய ஜப்பானியச் சண்டைக் கலையான ஜுஜுட்சுல இருந்த ஆபத்தான முறைகளைப் பழக்கச் சண்டையில இருந்து விலக்கி வச்சார். விளைவு என்னன்னா, மிச்சம் இருந்ததை எதிராளி முழு பலத்தோட எதிர்க்கும்போதே பழக முடிஞ்சுது. ராண்டோரின்னு அதைத்தான் சொல்றோம். கண்ணைக் குத்து, தொண்டையில வெட்டுன்னு சொல்லித் தர்ற வகுப்புல பிள்ளை அதை ஒரு தடவைகூட நிஜமா செஞ்சு பார்த்திருக்காது. எப்படிச் செய்ய முடியும்? ராண்டோரி பண்ற பிள்ளைக்கு ஒருத்தன் விடாப்பிடியா சட்டையைப் பிடிச்சு உலுக்குறது வாராவாரம் நடக்கிற விஷயம். வேன்ல ஒருத்தன் பிடிச்சா உடம்பு உறைஞ்சு போகாது.

முதல் மாசம் பெரும்பாலும் விழுறதுதான் பாடம். மோவாயை நெஞ்சோட ஒட்டி, தன் பெல்ட் முடிச்சைப் பார்த்துக்கிட்டே பின்னாடி உருளணும். கை ரெண்டையும் உடம்புக்குக் கொஞ்சம் விலக்கி, உள்ளங்கை படும்படி பாயில அடிக்கணும். பின்மண்டை தரையைத் தொடவே கூடாது. சைக்கிள்ல இருந்து விழறப்பவும் பாத்ரூம்ல வழுக்கறப்பவும் உதவப்போறது இதுதான். பிள்ளைங்க ஆயுசுல சண்டை போடுற தடவையைவிட விழற தடவைதான் அதிகம்.

கம்புவீச்சு:
பாய்விரிப்பு ஐயா சொன்னதை மறுக்கல. ஆனா நம்ம மண்ணுல இருக்கிற கலையைக் கடைசி வரிசையில வைக்காதீங்க.

சிலம்பம்னா மேடையில கம்பு சுத்துறதுன்னு மட்டும் பலர் நினைக்கிறாங்க. அலங்காரச் சுற்று அதுல ஒரு பகுதிதான். ஒருத்தரை ஒருத்தர் தொடுற ஆட்டத்துல எதிர்ல நிக்கிறவர் தோளையும் காலையும் பார்த்தே வீச்சு எங்க வருதுன்னு கண்டுபிடிக்கணும். கால்வரிசை சரியில்லன்னா அடி வாங்குவீங்க. தூரத்தைக் கணிக்கிற கண்ணை இது மாதிரி வளர்க்கிற பயிற்சி நான் வேற எங்கயும் பார்த்ததில்ல. ஒருத்தன் கை எட்டுற தூரத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே விலகிப் போற புத்தி பொண்ணுக்கு ரொம்ப உதவும்.

கையில கம்பு இல்லாதப்ப என்ன பண்றதுன்னு கேப்பீங்க. நல்ல ஆசானா இருந்தா கம்போட குத்துவரிசையும் (வெறுங்கையால அடிக்கிற முறை) பிடிவரிசையும் (பிடிச்சு மடக்குற முறை) சேர்த்துத்தான் சொல்லித் தருவார். கன்னியாகுமரிப் பக்கம் அடிமுறை ஆசான்கள் வெறுங்கைப் பாடத்தைத் தனியா, ஆழமாவே நடத்துறாங்க. 2024 ஜனவரியில தமிழ்நாட்டுல நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுல சிலம்பம் காட்சி விளையாட்டா இருந்ததுக்கு அப்புறம் வகுப்புகள் பெருகியிருக்கு. அதுல போட்டிக்குத் தனிச்சுற்று மட்டும் பழக்குற இடங்களும் உண்டு. பிடிவரிசை இருக்கான்னு கேட்டுட்டுச் சேருங்க.

ஸ்காபரோ_பனை:
என்ட மகன் இஞ்ச கனடாவில பிரேசிலியன் ஜியு ஜிட்சு பழகுறான். ஜூடோ மாஸ்டர் எழுதினது சரி, அதோட ஒண்டு சேர்க்கிறன். ஜூடோக்காரரான மிட்சுயோ மாயேடா பிரேசிலுக்குப் போய்ப் பழக்கினதில இருந்துதான் அங்கத்தைய கிரேசி எண்ட குடும்பத்தின்ட ஜியு ஜிட்சு வந்தது, அதுதான் பிரேசிலியன் ஜியு ஜிட்சு. நிலத்தில கிடந்து செய்யிற வேலைதான் அதில கூட. 1993இல முதல் யுஎஃப்சி எண்ட பல கலைக்காரரும் மோதுற போட்டியில ரொய்ஸ் கிரேசி தன்னைவிடப் பாரமான ஆக்களை மடக்கினாப் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

என்ட பெடியன் மெல்லிசு. வகுப்பில ஒருத்தன் அவனுக்கு மேல ஏறி இருந்தா, முழங்காலை இடையில குடுத்து இடம் எடுத்து, இடுப்பைப் பக்கவாட்டில நழுவ விட்டு வெளியில வருவான். ஒவ்வொரு வகுப்பிலயும் சூடாக்கும்போதே இந்த நழுவலைப் பாயின்ட ஒரு கரையில இருந்து மற்றக் கரை மட்டும் செய்வினம். பள்ளிக்கூடத்தில ஒருத்தன் தள்ளி விழுத்தேக்க இவன் அடிக்கேல்ல. கீழ இருந்து வெளிய வந்து, மற்றவன்ட கையைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு ரீச்சரைக் கூப்பிட்டவன். ஒருத்தருக்கும் காயமில்லை. அடிச்சிருந்தா ரெண்டு பேரையும்தான் பிரின்சிபல் கூப்பிட்டிருப்பார்.

ஜியு ஜிட்சில 16 வயசுக்குள்ள பிள்ளையளுக்குப் பெரிய ஆக்களுக்குரிய நீல பெல்ட் குடுக்கிறேல்லை. வெள்ளை, சாம்பல், மஞ்சள், செம்மஞ்சள், பச்சை எண்டு தனி வரிசை. எட்டு வயசுப் பிள்ளைக்குக் கறுப்பு பெல்ட் கட்டி அனுப்புற இடமெண்டா, அது எந்தக் கலையா இருந்தாலும் நான் திரும்பி வந்திடுவன்.

நேர்_குத்து:
எல்லாரும் சுத்தி வளைக்கிறீங்க. பாக்ஸிங்ல போடுங்க. மூக்குல ஒண்ணு வாங்கினா அந்தப் பசங்க அப்புறம் வேன்ல பின் சீட்டுக்கே வர மாட்டாங்க. எங்க காலத்துல அப்படித்தான் முடிஞ்சுது.

குழந்தைநல_மருத்துவர்:
நேர்_குத்து அவர்களுக்கு மரியாதையுடன் சொல்கிறேன். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் அமைப்பும் கனடா அமைப்பும் சேர்ந்து 2011-ல் வெளியிட்ட அறிக்கையில், பிள்ளைகளுக்கு குத்துச்சண்டை வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியிருக்கின்றன. தலையில் அடிப்பதற்கு மதிப்பெண் தரும் விளையாட்டு அது என்பதுதான் காரணம். வளரும் மூளைக்குத் திரும்பத் திரும்பக் கிடைக்கும் சிறு அதிர்ச்சிகூட நல்லதல்ல. ஹெல்மெட் வெட்டுக்காயத்தைக் குறைக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. பயிற்சியாளர் கையில் பிடிக்கும் பேடில் குத்தலாம், தொங்கும் பையில் குத்தலாம், கயிறு தாண்டலாம். தலையில் அடிக்கும் ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) வேண்டாம்.

ஜூடோவிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. ஜப்பானில் பள்ளி ஜூடோவில் தலைக்காயத்தால் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். எதிராளியின் காலை வெளிப்பக்கமாக வாரிப் பின்னால் சாய்க்கும் ஓசோடோ காரி வீச்சில்தான் பின்மண்டை அடிபடும் அபாயம் அதிகம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான தேசியப் போட்டியையே 2022-ல் அந்நாட்டு ஜூடோ சம்மேளனம் நிறுத்திவிட்டது. எப்படியாவது ஜெயிக்க வேண்டும் என்ற வெறி பெற்றோருக்கும் பயிற்சியாளர்களுக்கும் வந்துவிட்டதுதான் காரணம். பாய்விரிப்பு அவர்களே, உங்கள் வகுப்பில் இதை எப்படிக் கையாள்கிறீர்கள்?

பாய்விரிப்பு:
கேட்க வேண்டிய கேள்விதான் டாக்டர். பின்பக்க விழுதல் உடம்புல ஊறுற வரைக்கும் ஓசோடோ காரி கிடையாது. இடுப்பு மேல ஏத்தி முன்னாடி போடுற ஓ கோஷியில ஆரம்பிப்போம், ஏன்னா அதுல போடுறவன் கடைசி வரைக்கும் விழறவன் சட்டைக் கையைப் பிடிச்சுத் தூக்கி நிறுத்த முடியும். எடையும் உயரமும் ஒத்துப்போற பிள்ளைங்களைத்தான் ஜோடி சேர்ப்பேன். கழுத்து நெரிக்கிறதும் முழங்கைப் பூட்டும் சின்னப் பிள்ளைங்களுக்கு இல்ல. தலையில இடிச்சா, பிள்ளை நல்லா இருக்கேன்னு சொன்னாலும் அன்னிக்குப் பாயை விட்டு வெளிய. வீட்டுக்கும் போன் பண்ணிச் சொல்லிடுவேன். எந்தக் கோச்கிட்டயும் இதைக் கேளுங்க. கேட்டதுக்குக் கோபப்பட்டா அங்க சேர்க்காதீங்க.

டேக்வாண்டோ பத்தி யாரும் சொல்லல. காலுக்கு நல்ல பலம், உடம்பு நல்லா வளையும். ஆனா ஒலிம்பிக் விதிப்படி முகத்துல குத்தக் கூடாது, பிடிக்கவும் கூடாது. அதனால போட்டிக்குப் பழகுற பிள்ளை கையை இறக்கியே வச்சிருக்கும். வேனுக்குள்ள உதைக்க இடமும் இல்ல.

அந்தக் கழுத்து இடுக்கிப் பிடிக்கு மட்டும் இப்பவே வீட்டுல பழக்கக்கூடிய ஒண்ணு சொல்றேன். பிடிச்சவுடனே பின்னாடி இழுக்கக் கூடாது, இழுத்தா இறுகும். மோவாயை நெஞ்சுல ஒட்டி, முகத்தைப் பிடிச்சவன் உடம்புப் பக்கம் திருப்பணும். ரெண்டு கையாலயும் அவன் மணிக்கட்டைப் பிடிச்சுக் கீழ இழுத்து மூச்சுக்கு இடம் எடுக்கணும். அதுக்கப்புறம் பிடிச்சவன் முதுகுப் பக்கமா காலை வச்சு, தலையைப் பின்பக்கம் உருவிக்கிட்டு வெளிய வரணும். அப்பா மெதுவாப் பிடிக்கட்டும், நாளாக ஆகக் கொஞ்சம் இறுக்கட்டும். வலிச்சா பையன் அப்பா உடம்புல கையால தட்டணும், தட்டினா உடனே விடணும். இந்த விதியை மட்டும் யாரும் மீறக் கூடாது.

நிழல்மரம்:
குழந்தைகள் பாதுகாப்பு சார்ந்த ஆலோசனைப் பணியில் இருக்கிறேன். பையனைப் பற்றி நிறையப் பேசிவிட்டீர்கள், வைகைக்கரை அவர்களின் மகளைப் பற்றி நான் பேசுகிறேன்.

இருட்டில் நடந்து வரும்போது முன்பின் தெரியாத ஒருவன் பாய்வதைத்தான் எல்லாப் பெற்றோரும் கற்பனை செய்கிறார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் பாருங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்கீழ் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவர். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப நண்பர், சொல்லிக் கொடுப்பவர். மாமா என்று கூப்பிடும் ஆளை ஒரு பிள்ளை உதைக்காது. முதலில் அதற்குக் குழப்பம் வரும், பிறகு பயம், பிறகு வெட்கம். அந்தக் குழப்பம் வருகிற நேரத்தில் வாயைத் திறக்கத்தான் பழக்க வேண்டும்.

அதை வீட்டிலேயே நடித்துப் பழக்கலாம். கலிபோர்னியாவில் 1989-ல் தொடங்கிய கிட்பவர் என்ற அமைப்பு இப்படித்தான் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறது. நீங்கள் ஒரு மாமா போல வந்து உட்கார்ந்து மகளின் தோளில் கை போடுங்கள். அவள் உங்கள் கையை எடுத்துவிட்டு, நேராகப் பார்த்து, "எனக்குப் பிடிக்கல, கையை எடுங்க" என்று சொல்ல வேண்டும். முதல் தடவை சிரித்துவிடுவாள், அல்லது முணுமுணுப்பாள். பரவாயில்லை, மறுபடி செய்யுங்கள். அடுத்ததாக நீங்கள் கெஞ்ச வேண்டும்: "என்னடா செல்லம், மாமாகிட்ட இப்படிப் பேசலாமா?" அப்போதும் அவள் குரல் இறங்கக் கூடாது. எழுந்து போக வேண்டும், உடனே வந்து உங்களிடம் சொல்ல வேண்டும். நீங்கள் வேலையாக இருந்தாலும் இரண்டாவது தடவை வந்து சொல்லும்வரை பழக்குங்கள். விருந்தாளிக்கு முத்தம் கொடு, மடியில் உட்கார் என்று வீட்டில் வற்புறுத்துவதையும் இன்றோடு நிறுத்த வேண்டும். ஒரு பக்கம் மறுக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு மறுபக்கம் நாமே மறுப்பை மதிக்காவிட்டால் பிள்ளை எதை நம்பும்?

குழந்தைகளுக்கான உதவித் தொலைபேசி 1098 எண்ணை இருவருக்கும் மனப்பாடம் செய்ய வையுங்கள். அத்தோடு, பயிற்சி வகுப்பையும் இதே கண்ணோடு பாருங்கள். பெற்றோர் உட்கார்ந்து பார்க்க அனுமதி உண்டா? தனியாக ஸ்பெஷல் கிளாஸ் என்று பிள்ளையை மட்டும் வரச் சொல்கிறார்களா? தொட்டுத் திருத்தும்போது சொல்லிவிட்டுத் தொடுகிறார்களா? பெற்றோர் பார்க்கக் கூடாது என்கிற வகுப்புக்கு எக்காரணம் கொண்டும் அனுப்பாதீர்கள்.

இதைப் படிக்கிற அரசுப் பள்ளிப் பெற்றோருக்கு ஒரு செய்தி: ராணி லட்சுமிபாய் தற்காப்புப் பயிற்சித் திட்டத்தில் 6 முதல் 12 வரை படிக்கும் மாணவிகளுக்கு மூன்று மாதப் பயிற்சி உண்டு. உங்கள் பள்ளியில் நடக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

கருப்பு_கோட்டு:
சட்டம் பக்கம் கொஞ்சம். தற்காப்பு உரிமை, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது. ஆபத்து இருக்கும்போது, அதைத் தடுக்கத் தேவையான அளவுக்குத்தான் அந்த உரிமை. அவன் விட்டுவிட்டுத் திரும்பிப் போகும்போது பின்னாலிருந்து அடித்தால் அது தற்காப்பு ஆகாது. பையனிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

வேன் பள்ளிக்கூடத்தினுடையதா? அப்படியென்றால் 2012-ல் வந்த தமிழ்நாடு பள்ளிப் பேருந்து சிறப்பு விதிகளின்படி பிள்ளைகளைக் கவனிக்க ஓர் உதவியாளர் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சாகச் சொல்லாமல் தேதி, சம்பவம், பெயரோடு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். தாளில் வந்த புகாரை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது. ஒன்பது வயதுப் பிள்ளை தன் பாதுகாப்பைத் தானே சண்டை போட்டு வாங்க வேண்டிய நிலைமை இருக்கவே கூடாது, கலை எதுவானாலும்.

வைகைக்கரை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மூணு வகுப்பையும் போய்ப் பார்த்துட்டு வந்தேன்.

மொட்டை மாடி கராத்தேயில பிள்ளைங்க ரொம்ப நெருக்கம். மாஸ்டர் எண்ணிக்கை சொல்ல எல்லாரும் சேர்ந்து காத்துல குத்துறாங்க. பார்க்க அழகாத்தான் இருந்துச்சு. ஜோடிப் பயிற்சி உண்டான்னு கேட்டேன், பிரவுன் பெல்ட்டுக்கு (கறுப்புக்கு முந்தின படி) அப்புறம்னார்.

சிலம்பத்துல ஆசான் அன்பா பேசினார். பிடிவரிசை உண்டு, ஆனா ஒரு வருஷம் கம்பு பழகினப்புறம்தான்னு வெளிப்படையா சொல்லிட்டார். பொண்ணுக்கு அங்க ரொம்பப் பிடிச்சுப் போச்சு, வரவே மனசில்ல.

ஜூடோவுல பாய் பழசு, ஃபேன் சத்தம் காதைக் கிழிக்குது. ஆனா கொஞ்ச நேரத்துலயே பையனை அவன் உயரத்துப் பொண்ணு ஒருத்தியோட ஜோடி சேர்த்து விட்டாங்க. அவ சட்டையைப் பிடிச்சு இழுக்க, இவன் திணறினான். அப்புறம் கோச் ஒரு காலை எங்க வைக்கணும்னு காட்டினார். திரும்ப அவ இழுத்தப்ப இவன் விழல. வர்ற வழியெல்லாம் அதையேதான் பேசிக்கிட்டு வந்தான். பெத்தவங்க ஓரமா உட்கார்ந்து பார்க்க பெஞ்சு போட்டிருக்காங்க.

வேன் விஷயம் எழுத்துல கொடுத்து சீல் வாங்கியாச்சு. பள்ளி வேன்தான். உதவியாளர் போடறோம்னு சொல்லியிருக்காங்க, பையன் இடத்தை டிரைவருக்குப் பக்கத்து வரிசைக்கு மாத்திட்டாங்க. டியூஷன் நேரத்தையும் வெளிச்சம் இருக்கும்போதே முடியிற மாதிரி மாத்தியாச்சு. நிழல்மரம் அக்கா சொன்ன நடிப்பைச் செஞ்சோம். முதல்ல சிரிச்சா. என் வீட்டுக்காரர் கெஞ்சுற மாதிரி பேசினதும் அவ குரல் அடைச்சுப் போச்சு, கண்ணும் கலங்கிடுச்சு. இது இவ்வளவு கஷ்டம்னு அப்பத்தான் எனக்கும் புரிஞ்சுது. தினமும் செய்யிறோம்.

பையன் ஜூடோ, பொண்ணு சிலம்பம்னு பிரிக்கலாமா? இல்ல அவளையும் முதல்ல ஜூடோவுல போட்டுட்டு அப்புறம் மாத்தலாமா?

கம்புவீச்சு:
பிடிச்ச இடத்துல விடுங்க தங்கச்சி. ஆசான் ஒளிவு மறைவு இல்லாம சொல்லியிருக்கார், அது பெரிய விஷயம். விரும்பிப் போற பிள்ளை வருஷக்கணக்கா நிக்கும்.

பாய்விரிப்பு:
பிரிக்கலாம். ஆனா பொண்ணும் விழுறதையும் பிடி விடுவிக்கிறதையும் கத்துக்கிட்டா நல்லது. அந்த ஜூடோ கோச்கிட்ட கேட்டுப் பாருங்க, லீவுல ரெண்டு மாசம் மட்டும் வர்றவங்களைச் சேர்த்துக்கிற இடங்கள் உண்டு. ஆறாவது படிக்கிற பொண்ணு, பையன்களோட ஜோடி சேர விருப்பமில்லன்னா சொல்லட்டும், பொண்ணுங்களோடயே போடச் சொல்லலாம். சட்டைக்கு உள்ள வெள்ளை டி-ஷர்ட் போடணும், பொண்ணுங்களுக்கு அது விதி.

ஜூடோ உடை முதல் நாளே வாங்க வேண்டாம். ஒரு மாசம் பழைய முழுக்கை காட்டன் சட்டை, டிராக் பேண்ட் போதும். வாங்கும்போது ஒரு சைஸ் பெருசா எடுங்க, துவைச்சா சுருங்கும். ரெண்டு பேருக்கும் கை, கால் நகம் வெட்டி அனுப்புங்க. கம்மல், கயிறு எதுவும் வேண்டாம்.

வைகைக்கரை:
அரைஞாண் கயிறும் கழட்டணுமா?

பாய்விரிப்பு:
வெள்ளியில மணி, தாயத்து கோத்திருந்தா கழட்டிடுங்க. வெறும் கயிறுன்னா இருக்கட்டும்.